பன்னுக்கு ஒரு ஸ்தல புராணம்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தொழிலில் போட்டிக்காரர்கள் பலர் உண்டு. ஜோசியர்கள், விளம்பரக்காரர்கள், தேர்தல் மேடைப் பிரசங்கிகள் எல்லோரும் எங்கள் பிழைப்பில் பங்கு கேட்கிறவர்கள்தாம். அவர்களோடெல்லாம் நான் சமாதானமாகவே இருந்து வருகிறேன். ஒரு கூட்டத்தாரோடு மட்டும் என்னால் சமாதானமாக இருக்க முடியவில்லை. இங்கிலாந்திலும் வட ஐரோப்பாவிலும் வாசனைச் சரக்குப் போட்டுப் பன் சுட்டு விற்கிறார்களே, அந்த ரொட்டிக் கடைக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

அவர்கள் பன் விற்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. பன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பன்னோடு சேர்த்து ஒரு கதையையும் விற்கிறார்கள். அதைக் கதை என்று சொல்லாமல் சரித்திரம் என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு நாவலாசிரியன் இந்தக் காரியத்தைச் செய்தால் விமரிசகர்கள் அவனைச் சும்மா விடுவார்களா? ரொட்டிக் கடைக்காரனை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆகவே நான் கேட்கிறேன்.

முதலில் பண்டம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். மசாலா பன் என்றவுடன், வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி உள்ளே வைத்த நம் ஊர்ச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இது தித்திப்புப் பன். மாவு, வெண்ணெய், பால், சர்க்கரை, ஈஸ்ட். அதோடு லவங்கப்பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, ஏலக்காய், குங்குமப்பூ, சீமைச் சோம்பு என்று ஊருக்கு ஒரு சரக்கு. பெரிய வெள்ளிக்கிழமையன்று இங்கிலாந்து முழுவதும் சிலுவைக் குறி போட்ட 'ஹாட் கிராஸ் பன்' தின்கிறார்கள். அந்நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வாலில் மஞ்சள் நிறக் குங்குமப்பூப் பன். பாத் நகரத்தில் மேலே சர்க்கரை பொரிந்து நிற்கும் 'பாத் பன்'. லண்டன் செல்ஸியில் பட்டை மணக்கச் சுருட்டி வெட்டிய பன். ஸ்வீடனில் ஏலக்காய் மணக்கும் பன். டிசம்பர் 13-இல் லூஸியா பண்டிகைக்குக் குங்குமப்பூப் பன். டென்மார்க்கில் பட்டைத்தூள் தூவிச் சுருட்டிய பன்னுக்கு 'நத்தை' என்றே பெயர்.

இவ்வளவு ஊர்கள், இவ்வளவு கைகள், இவ்வளவு ருசிகள்! அதோடு நிறுத்திக் கொண்டால் நானும் தின்றுவிட்டுப் போய்விடுவேன். ஆனால் ஒவ்வொரு பன்னுக்கும் ஒரு ஸ்தல புராணம் இருக்கிறது.

ஸெயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊர்க்காரர்கள், சிலுவைப் பன் தங்கள் மடத்திலிருந்துதான் உற்பத்தியாயிற்று என்கிறார்கள். 1361-இல் தாமஸ் ராக்ளிஃப் என்ற துறவி ஏழைகளுக்குச் சுட்டுக் கொடுத்தாராம். கருணை நிறைந்த கதைதான். ஆனால் சாட்சி சொல்ல வருகிற எழுத்தெல்லாம் பல நூற்றாண்டு பிற்பட்டது. பாத் நகரத்தில் ஒரு பழைய வீடு இருக்கிறது. 1680-இல் பிரான்ஸிலிருந்து அகதியாக வந்த ஒரு பெண் அங்கே 'ஸாலி லன்' என்ற பன்னைச் சுட்டாள் என்று ஐதிகம். அது சரக்குப் போடாத பன்தான். ஆனாலும் புராணம் ஒரே ஜாதி. 1930-களில் அந்த வீட்டை வாங்கியவர், சுவரில் மறைந்திருந்த அலமாரியில் செய்முறைக் காகிதம் அகப்பட்டதாகச் சொன்னார். ஸாலி லன் என்ற பெயர் எழுத்தில் தென்பட ஆரம்பிப்பதோ 1780 வாக்கில்தான். நூறு வருஷம் அந்தப் பெண் எங்கே ஒளிந்திருந்தாள்?

கார்ன்வால்காரர்கள் இவர்களையெல்லாம் தூக்கி அடித்துவிட்டார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்னே, பினீஷிய வியாபாரிகள் கப்பலில் வந்து, குங்குமப்பூவைக் கொடுத்துத் தகரம் வாங்கிப் போனார்கள் என்பது அவர்கள் புராணம். ஸ்வீடன்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. வைக்கிங் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் ஏலக்காயைக் கண்டு மயங்கி ஊருக்கு எடுத்து வந்தார்களாம். உணவுச் சரித்திரம் எழுதுகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் ஏற்பதில்லை. இடைக்காலத்து வியாபாரிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து காசுக்கு விற்ற சரக்கு என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் கணக்குப்பிள்ளையைக் கதாநாயகனாக வைத்தால் பன் விற்குமா? கோடரி வீரன்தான் வேண்டும்.

கவனித்தீர்களா, எல்லாவற்றுக்கும் ஒரே கதையமைப்பு. ஒரு புண்ணிய புருஷர் அல்லது திக்கற்ற பெண். தொலைந்து போன ஓர் ஏடு. பிறகு அது கிடைத்த அதிசயம். நம் ஊரில் ஸ்தல புராணம் பாடியவர்களாவது பக்தியினால் பாடினார்கள். இவர்கள் பெட்டியின் மேல் அச்சடிப்பதற்காகப் பாடுகிறார்கள்.

"ஐயா, ஒரு பன்னுக்கு இவ்வளவு கோபமா? கதை இனிமையாக இருக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. இனிமையான பொய், உட்கார்ந்த இடத்தில் வேறு எதையும் உட்கார விடாது. அந்தப் பொய்கள் அடைத்துக் கொண்டிருக்கும் இடத்தில் வந்திருக்க வேண்டிய நிஜங்கள் எவையென்று பாருங்கள்.

1592-ஆம் வருஷம். எலிஸபெத் ராணியின் ஆட்சி. லண்டன் சந்தை அதிகாரி ஓர் உத்தரவு போட்டார். வாசனைச் சரக்குப் போட்ட ரொட்டியையும் பன்னையும் ரொட்டிக்காரர்கள் விற்கக் கூடாது. மூன்று சமயங்களுக்கு மட்டும் விலக்கு: சவ அடக்கம், ஈஸ்டருக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கிறிஸ்துமஸ். மீறி விற்றால் சரக்கு முழுவதும் பறிமுதலாகி ஏழைகளுக்குப் போய்விடும். சிலுவைக் குறியைக் கண்டு ராணி மதக் காரணத்தால் மிரண்டாள் என்று இதற்கும் ஒரு புராணம் கட்டிவிட்டார்கள். உத்தரவோ சிலுவையைப் பற்றிப் பேசவில்லை. நிறையைப் பற்றிப் பேசுகிறது. ரொட்டி இன்ன நிறை, இன்ன விலை என்று அந்நாட்டில் 13-ஆம் நூற்றாண்டு முதலே சட்டம் இருந்தது. வெண்ணெயும் திராட்சையும் ஜாதிக்காயும் போட்ட பன் அந்தத் தராசுக்கு அடங்கவில்லை. அடங்காததைத் தடுத்தார்கள்.

தடுத்தால் ஜனங்கள் விடுவார்களா? கடையில் கிடைக்காததை வீட்டு அடுப்பில் சுட்டுக் கொண்டார்கள். அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்திலும் தடுத்துப் பார்த்தார்கள். வீட்டு அடுப்புக்குள் எந்த அதிகாரி எட்டிப் பார்ப்பது? கடைசியில் சட்டம்தான் செத்தது. 1733-இல் வெளிவந்த ஒரு பஞ்சாங்கம், பெரிய வெள்ளியன்று தெருவில் சிலுவைப் பன் கூவி விற்பதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறது.

இந்தச் சம்பவத்தில் துறவி இல்லை. அகதிப் பெண் இல்லை. பெயர் தெரியாத ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். மூன்று தருணங்களில் மட்டும் விற்கலாம் என்று ஆணையிடப்பட்ட பண்டத்தை, அந்தத் தருணங்களோடு பிணைத்துக் காப்பாற்றி வைத்தவர்கள் அவர்கள். பெரிய வெள்ளிக்குப் பன் என்ற வழக்கத்தின் பலத்தில் ஒரு பங்கு அந்தத் தடை உத்தரவிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். எந்தக் கடைக்காரராவது பெட்டியின் மேல் 1592 என்று அச்சடித்திருக்கிறாரா? மாட்டார். தடை உத்தரவை வைத்து வியாபாரம் செய்ய முடியாது.

இது பன்னின் ஒரு பாதி. மற்றப் பாதி, சரக்கு.

ஊர்ப் பெயரைப் பன்னின் நெற்றியில் ஒட்டுகிறார்கள் அல்லவா? பாத், செல்ஸி, கார்ன்வால்! பன்னுக்கு மணம் கொடுத்த ஊரின் பெயர் எங்கே? கோதுமை அவர்கள் வயலில் விளைந்ததுதான். வெண்ணெய் அவர்கள் பசு கொடுத்ததுதான். இரண்டையும் சேர்த்துச் சுட்டால் வெறும் பன். ஜாதிக்காயையும் பட்டையையும் ஏலக்காயையும் எடுத்துவிட்டால் பெருமையடித்துக் கொள்ள என்ன மிஞ்சும்?

ஜாதிக்காய் அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கடலில் பாண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்தில் மட்டும்தான் விளைந்தது. தங்களுக்கே விற்க வேண்டும் என்று டச்சுக் கம்பெனியார் அத்தீவு மக்களை நிர்ப்பந்தித்தார்கள். கைக்கு எட்டிய வேறு வியாபாரிகளுக்கும் அவர்கள் விற்றார்கள். 1621-இல் யான் பீட்டர்ஸூன் கூன் என்ற கவர்னர் படையோடு வந்து இறங்கினார். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில், கொலைக்கும் பட்டினிக்கும் நாடு கடத்தலுக்கும் தப்பி மிஞ்சியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான் என்று கணக்கிடுகிறார்கள். பிறகு அடிமைகளைக் கொண்டு வந்து அந்த மரங்களைப் பராமரித்தார்கள். ஐரோப்பாவின் பன் மாவில் ஜாதிக்காய் துருவி விழுந்தது இப்படித்தான்.

பட்டையின் கதையும் இதற்குத் தங்கைதான். கொழும்பு நகரில் பெரிய மனிதர்கள் வசிக்கும் பேட்டைக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். அங்கே பட்டையைக் கறுவா என்பார்கள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவரும் ஒருவர் பின் ஒருவராக இலங்கைக் கரையைப் பிடித்ததற்கு அந்த மரத்தின் தோல் ஒரு முக்கியக் காரணம். சலாகம என்ற சாதியார் காட்டில் போய்ப் பட்டை உரித்துக் கொடுப்பது கட்டாய ஊழியம். கம்பெனிக்குத் தெரியாமல் பட்டை விற்றவனுக்கு டச்சு ஆட்சியில் மரண தண்டனை வரைக்கும் உண்டு.

ஏலக்காய் நமக்குப் பக்கத்து மலைச் சரக்கு. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் பிறந்தகம். இன்றைக்கும் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டு மலையேறிப் போகிறார்கள். ஏலக்காய் ஒரே நாளில் பழுக்கிற பயிர் அல்ல. முற்றினதைப் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். மாதம் ஒன்றோ ஒன்றரையோ கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் இந்தச் செடியைக் குவாதமாலாவுக்குக் கொண்டு போனார். இப்போது உலகச் சந்தைக்கு ஏலக்காய் அனுப்புவதில் அந்த நாடு முன்னணியில் நிற்கிறது. அங்கே பறிக்கிறவர்கள் மாயா இனத்து ஏழை விவசாயிகள். போடிப் பெண்ணுக்கும் மாயாப் பெண்ணுக்கும் ஸ்வீடன் பன்னின் புராணத்தில் இடம் இல்லை. வைக்கிங் வீரர் உட்கார்ந்திருக்கிறாரே, அது அவர்களுடைய நாற்காலி.

இதைச் சொல்வதனால், "பன்னும் வேண்டாம், ஊர்ப் பெருமையும் வேண்டாம்" என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஊர் வழக்கம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது. இல்லாத பூர்வீகத்தில் அதைத் தேடுகிறார்கள் என்பதே என் வழக்கு.

ஜமைக்காத் தீவைப் பாருங்கள். 1655-இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். பெரிய வெள்ளிப் பன்னும் அவர்களோடு கப்பலேறிப் போயிற்று. அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகள் உழைத்தார்கள். சர்க்கரை ஏற்றுமதிக்கு, கறுத்த பாகு ஊருக்கு. அந்தப் பாகு பன்னில் சேர்ந்தது. அந்தத் தீவிலேயே விளைகிற ஆல்ஸ்பைஸ் சேர்ந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களில் அதைச் சர்வசுகந்தி என்பார்கள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றும் கலந்த மணம் அந்த ஒரு காய்க்கு. வட்டப் பன் நீளப் பன் ஆயிற்று, கறுத்தது, கனத்தது. நடுவே ஒரு துண்டு பாலாடைக்கட்டி வைத்து ஈஸ்டருக்குத் தின்கிறார்கள். எஜமானனின் பண்டத்தை வாங்கித் தன் மண்ணின் சரக்கைப் போட்டுத் தன்னுடையதாக்கிக் கொண்ட ஜனங்களுக்கு 1361-ஆம் வருஷத்துத் துறவி எதற்கு?

கார்ன்வாலிலும் நிஜமான வழக்கம் ஒன்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள மெதடிஸ்ட் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் விருந்து. பாண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போய்வந்து, ஆளுக்கு ஒரு பெரிய குங்குமப்பூப் பன். குங்குமப்பூ என்ன விலை விற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். தகரச் சுரங்கத் தொழிலாளியின் குழந்தைக்கு வருஷத்தில் ஒரு நாள் அந்த மஞ்சள் நிறம் கைக்குக் கிடைத்தது. இதைவிட உயர்ந்த சரித்திரம் ஒரு பன்னுக்கு வேண்டுமா? இதை விட்டுவிட்டுப் பினீஷியனைத் தேடிக் கடலில் அலைகிறார்கள்.

வாசக நேயர்களில் ஜேன் ஆஸ்டினைப் படித்தவர்கள் இருப்பீர்கள். அந்த அம்மையார் 1801-இல் தம் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், பாத் பன் தின்று வயிற்றைக் கெடுத்துக் கொள்ளப் போவதாகக் கேலியாக எழுதுகிறார். ஐம்பது வருஷத்துக்குள், 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில், ஐந்தரை மாதத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் 'பாத் பன்' விற்றுத் தீர்ந்தது. சுட்ட இடம் லண்டன். பெயர் மட்டும் பாத். பெயர் அன்றைக்கே ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டது. நாவலாசிரியை சொன்ன ஒரு வரி வயிற்றைப் பற்றிய உண்மை. கண்காட்சியில் விற்றது பெயரைப் பற்றிய பொய்.

புராணம் கட்டுவது பழைய காலத்தோடு முடிந்துவிடவில்லை. ஸ்வீடனில் அக்டோபர் 4-ஆம் தேதி பட்டைப் பன் திருநாள். ஏதோ புராதனப் பண்டிகை என்று எண்ணிவிட வேண்டாம். 1999-இல் ஆரம்பித்தது. ஆரம்பித்தது வீட்டுச் சமையலை வளர்க்கும் ஒரு சபை. சபையின் பின்னால் நின்றவர்கள் ஈஸ்ட், மாவு, சர்க்கரை, மார்கரின் தயாரிப்பாளர்கள். கொண்டாடட்டும், தப்பில்லை. தேதி வைத்தவர் யார் என்று தெரிந்து கொண்டு கொண்டாடட்டும்.

டென்மார்க்கில் நடந்தது இன்னும் வேடிக்கை. மலிவான பட்டையில் கூமரின் என்ற ஒரு வஸ்து அதிகம். மிஞ்சினால் ஈரலுக்குக் கெடுதல். ஐரோப்பியக் கூட்டமைப்பு 2008-இல் சட்டம் போட்டது: பாரம்பரியமாகவோ பண்டிகைக்கோ சுடுகிற பண்டமானால் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை, மற்றவற்றுக்கு 15 தான். ஸ்வீடன் தன் பன்னைப் பாரம்பரியம் என்று சொல்லிக் கொண்டது. டென்மார்க் அதிகாரிகள் 2013-இல், "நம் நத்தைப் பன் அன்றாடம் தின்கிற பண்டம், அது பாரம்பரியம் ஆகாது" என்றார்கள். ரொட்டிக்காரர்கள் கொதித்தார்கள். 2014 தொடக்கத்தில் சர்க்கார் இறங்கி வந்து, நத்தையும் பாரம்பரியமே என்று ஒப்புக்கொண்டது.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. கூமரின் மிகுந்திருப்பது கேஸியா என்ற மலிவுப் பட்டையில். இலங்கைக் கறுவாவில் அது இல்லையென்று சொல்லிவிடலாம், அவ்வளவு சொற்பம். உண்மையான கறுவாவைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் சண்டையே இல்லை! மலிவுச் சரக்கைப் போடும் உரிமைக்காகப் 'பாரம்பரியம்' என்று கொடி பிடித்தார்கள். அந்தச் சொல்லின் மானம் இந்த அளவுக்கு வந்துவிட்டது. இலங்கைக் கறுவாவுக்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு ஐரோப்பாவில் கிடைத்தது 2022-இல். நூற்றாண்டுக் கணக்காகப் பன்னுக்கு மணம் கொடுத்த மரத்துக்குப் பெயர் கிடைக்க இவ்வளவு காலம் பிடித்தது.

கதையே கூடாது என்று கதை எழுதுகிறவன் சொல்வானா? கிழக்கு லண்டனில் ஒரு மதுக்கடை இருக்கிறது. 'விதவையின் மகன்' என்று பெயர். கப்பலுக்குப் போன மகன் பெரிய வெள்ளிக்குத் திரும்பி வருவான் என்று பன் எடுத்து வைத்தாள் ஒரு தாய். அவன் வரவில்லை. வருஷந்தோறும் ஒரு பன் எடுத்து வைத்தாள். இன்றும் கடற்படை மாலுமி ஒருவர் வந்து, உத்தரத்தில் தொங்கும் வலையில் புதிதாக ஒரு பன்னைச் சேர்க்கிறார். அப்படி ஒரு தாய் இருந்தாளா? எனக்குக் கவலை இல்லை. அந்தக் கதை எந்தப் பன்னையும் 'எங்களுடையதுதான் அசல்' என்று சொல்லவில்லை. யாருடைய உழைப்பையும் மறைக்கவில்லை. திரும்பி வராதவர்களை வருஷத்துக்கு ஒரு முறை நினைக்கச் சொல்கிறது. கதைக்கு அது போதும். அதுதான் கதையின் வேலை.

மற்றக் கதைகள் செய்கிற வேலை வேறு. யார் பட்டை உரித்தார்கள், யார் ஏலக்காய் பறித்தார்கள், யாரைப் பன் தின்ன விடாமல் தடுத்தார்கள் என்று நாம் கேட்க வாயெடுக்கும்போது, வாயில் ஒரு துண்டு தித்திப்பைத் திணித்து அடைக்கிற வேலை. படித்தவர்களான நாம் அந்தத் தித்திப்புக்கு மிகச் சுலபமாக வாய் திறக்கிறோம். விலை கூடக் கொடுத்து வாங்குகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 'அசல்' என்று எழுதிய பெட்டியை யாராவது உங்கள் முன் வைத்தால், பன்னைத் தாராளமாகத் தின்னுங்கள். தின்றுகொண்டே மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தக் கதையை முதலில் எழுதி வைத்தது எந்த வருஷம்? எழுதினவருக்கு விற்க என்ன இருந்தது? இதில் மணக்கிற சரக்கு எந்த மலையிலிருந்து, யார் கையால் வந்தது? மூன்றுக்கும் நேரான பதில் சொல்லுகிற கடைக்காரர் ஒருவர் அகப்பட்டால், அவர் பன்னுக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் தகும்.